விரக்தியிடம் வாதாடாதீர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'நம்பிக்கையோடு இரு' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நூலகரைக் கூப்பிட்டு, தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றார். நான் அரசு மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். எங்களிடம் விரக்தியோடு வந்தவர்களில் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை. மாமனார் சொல்லியிருப்பார். மேனேஜர் சொல்லியிருப்பார். காலை வணக்கத்தோடு சூரியோதயப் படம் போட்டு வாட்ஸப்பில் வந்திருக்கும். அது வேலை செய்திருந்தால் அவர்கள் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

விரக்தியில் இருப்பவரோடு நாம் பெரும்பாலும் வாதாடத்தான் செய்கிறோம். "உனக்கென்ன குறைச்சல்?" "ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதுங்க முகத்தப் பாரு." "உன்னைவிடக் கஷ்டப்படறவன் எத்தனை பேரு இருக்கான்!" இது ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. நம்முடைய பேச்சைவிட வலுவான பதில். கடனில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்று ராத்திரி முழுக்க விழித்திருந்து கணக்குப் போட்டவர் அவர். நாம் அவர் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது யோசித்தவர்கள். வாதத்தில் அவர்தான் ஜெயிப்பார். ஜெயித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தன் கணக்கு சரிதான் என்பதற்கு இப்போது நாமும் ஒரு சாட்சி.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1974இல் விரக்தியை அளப்பதற்கென்றே 20 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். எல்லாமே எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று பதில் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவரும் அவருடைய குழுவினரும் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் யார் உண்மையில் உயிரை விடுவார் என்பதை, மனச்சோர்வு எவ்வளவு என்ற கேள்வியைவிட விரக்தி எவ்வளவு என்ற கேள்விதான் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது. எங்கள் பிரிவில் மூத்த செவிலியர் ஒருவர் இதை எந்த ஆய்வும் படிக்காமலே சொல்லுவார்: "அழறவங்கள நான் பார்த்துக்கறேன் மேடம். அழக்கூட மாட்டேங்குறாங்க பாருங்க, அவங்கள மொதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க."

சரி, வாதாடக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது? அதற்குப் போகுமுன் உங்களை ஒரு பழைய ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. நாய்களைப் பிடிக்கும் என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்தச் சோதனையை நினைத்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

1967. பென்சில்வேனியா பல்கலைக்கழகம். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளைஞர்கள். நாய்களைக் கட்டிவைத்து மின்அதிர்ச்சி கொடுக்கிறார்கள். ஒரு கூட்டத்து நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்து நாய்கள் என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள் எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விடுகிறார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சி கிடையாது. முதல் கூட்டம் தாண்டிக் குதித்தது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை குதிக்கவே முயலவில்லை. படுத்துக்கொண்டு முனகின. பாதுகாப்பான இடம் எட்டும் தூரத்தில் இருந்தது.

'என்ன செய்தும் பயனில்லை' என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் விளக்கம் சொன்னார்கள். கற்றுக்கொண்ட கையறுநிலை என்று உளவியல் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது ஏறியது. இந்த அளவுக்கு நிறையப் பேருக்குத் தெரியும். இதற்குப் பின்னால் நடந்த இரண்டு விஷயங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒன்று, அந்த நாய்களை எப்படி மீட்டார்கள் என்பது. 1968இல் அதையும் எழுதியிருக்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் தின்பண்டம் போட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. கடைசியில் கழுத்தில் வார் கட்டி, அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்ப இழுத்தார்கள். ஆரம்பத்தில் முழு பலத்தையும் போட்டு இழுக்க வேண்டியிருந்ததாம். போகப்போக வார் தளர்ந்தது. பிறகு தானாகவே தாண்டின. அந்தப் பக்கம் போக முடியும் என்பது முதலில் காலுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டாவது விஷயம் இன்னும் வியப்பானது. மேயர் பிறகு மூளை ஆராய்ச்சிக்குப் போனார். எலிகளின் மூளையில் பல ஆண்டுகள் இதையே தேடினார். 2016இல் பழைய இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 50 ஆண்டுகளாக நாங்கள் சொல்லிவந்தது தலைகீழ் என்பது அதன் சாரம். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பதை எந்த உயிரும் கற்றுக்கொள்வதில்லை. அது பிறவியிலேயே இருக்கிறது. மூளைத்தண்டில் உள்ள ஒரு சின்ன நரம்புக்கூட்டம் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்றை: 'நான் இதைச் செய்தேன், அதனால் அது நடந்தது' என்பதை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அதைக் கண்டுகொண்டால், கீழேயுள்ள அந்த நரம்புக்கூட்டத்தை அடக்கிவைக்கிறது. எலிக்கு நடப்பது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அரை நூற்றாண்டு தங்கள் பெயரைச் சொல்லிப் பிழைத்த ஒரு கோட்பாட்டைத் தாங்களே திருத்திய நேர்மைக்காகவாவது அவர்கள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். விரக்தியில் கிடப்பவர் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை. அவருடைய உடம்பு அதற்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியென்றால் தொடங்க வேண்டிய இடம் உடம்புதான்.

உகாண்டாவின் வடபகுதியில் ரைனோ கேம்ப் என்றொரு அகதிக் குடியிருப்பு. தென் சூடான் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், பிள்ளை எங்கே என்று தெரியாதவர்கள். மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது? உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி பார்த்தது. அந்த மக்கள் பேசும் ஜூபா அரபியில் பாடங்களை ஒலிப்பதிவு செய்துகொண்டார்கள். குறைந்த சொற்களும் நிறையப் படங்களுமாக ஒரு புத்தகம். 20, 30 பெண்கள் கூடி உட்கார, அதே ஊர்க்காரப் பெண்கள் இருவர் ஒலிப்பதிவை ஓடவிட்டு, சொல்லியபடி செய்துகாட்டுவார்கள். வாரம் ஒன்றாக 5 கூட்டங்கள். 694 பெண்கள் பங்கெடுத்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பயிற்சி பெற்றவர்களின் மனத்துயரம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மந்திரம்போட்ட மாதிரி மாறிவிடவில்லை. மிதமான மாற்றம்தான். போர் நிற்கவில்லை, ரேஷன் கூடவில்லை என்ற நிலையில் அந்த மிதமான மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே ஆண்டு அந்தப் படப் புத்தகத்தை உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. அதில் முதல் பாடமே காலூன்றுவதுதான். மனம் சுழன்றடிக்கும்போது, 'இப்போது எனக்கு இப்படி இருக்கிறது' என்று கவனிப்பது. மூச்சை மெதுவாக வெளியே விடுவது. பாதத்தைத் தரையில் அழுத்துவது. கையை நீட்டி மடக்குவது. பிறகு சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, கைக்கு எட்டியதைத் தொட்டால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இவ்வளவுதானா என்று உங்களில் சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. இவ்வளவுதான். இது புயலை நிறுத்தும் என்று அந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அது கடந்துபோகும் வரை நம்மைப் பிடித்து நிறுத்தும் என்றுதான் சொல்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்கு நிலைமை மோசமாகும். அடி வாங்கியவர்களுக்கு, விபத்தில் சிக்கியவர்களுக்கு, கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வரும். ஆகவே கண் திறந்தே இருக்கட்டும், கவனம் வெளியே இருக்கட்டும். இரண்டாவது, இதற்குப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு விரிப்பு, மின்கம்பியோடு சேர்த்து, ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். நான் சொல்வதற்குத் தரை போதும்.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் இது எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். லேத் பட்டறை வைத்திருந்தவர், நாற்பதைத் தாண்டியவர். ஆர்டர் நின்றுபோய், மெஷினுக்கு வாங்கிய கடன் வட்டிக்கடையில் போய் மாட்டிக்கொண்டது. மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். "ரெண்டு மாசமா வாயே தொறக்க மாட்டேங்குறாரு மேடம். சோறு போட்டா சாப்பிடுவாரு. போடலைன்னா கேக்க மாட்டாரு." அவர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் பழைய ரசீதுகள். என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, "சொல்லி என்னத்த ஆவப்போவுது" என்று ஒரு வரி. அதோடு சரி.

கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தேன். பேப்பர் கப் வேண்டாம், எவர்சில்வர் டம்ளரில் கொடு என்று கேட்டு வாங்கினேன். சூடு கைக்குத் தெரிய வேண்டும். "அண்ணே, இப்ப எதுவும் பேச வேணாம். டம்ளரை ரெண்டு கையாலயும் புடிங்க. ரொம்பச் சுடுதா?" தலையை ஆட்டினார். "செருப்பைக் கழட்டிட்டு காலைத் தரையில வைங்க." மொசைக் தரை, ஜில்லென்று இருக்கும். வைத்தார். "கண்ணை மூட வேணாம். சுத்தி என்னென்ன சத்தம் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க." நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. இவர் மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "ஃபேன்ல பேரிங் போயிருக்கு. எண்ணெய் விட்டா நிக்காது. மாத்தணும்." கொஞ்சம் விட்டு, "6202 போட்டா சரியாப் போவும்" என்றார். அந்த அம்மா சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் தினமும் அந்த ஃபேனுக்கு அடியில்தான் உட்காருகிறோம். கரகரவென்று சத்தம் வருவது தெரியும். பேரிங் நம்பர் எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அவருடைய கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரைப் பார்த்தார், மாத்திரை எழுதினார்கள். மாத்திரை வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் கால் வைத்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனால் அது என் பேச்சில் இல்லாதது. கிளம்பும்போது, "அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இதே பெஞ்சுல நான் இருப்பேன்" என்றேன். "நீங்க வரணும்" என்று சொல்லவில்லை. நான் இருப்பேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. மனைவிக்குப் போன் போட்டு, "இன்னிக்கு நான் இருந்தேன், அடுத்த வியாழனும் இருப்பேன்" என்றேன். அதற்கடுத்த வியாழன் பத்தே காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடன் முழுதாகத் தீர்ந்ததா என்றால், நான் வேலையில் இருந்த வரையில் தீரவில்லை. மெஷினை விற்றுவிட்டு வேறொருவர் பட்டறையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, எவ்வளவு கட்டியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, வட்டிக்காரர் எதிரே உட்கார்ந்து பேசினார்.

விரக்தியின் ஒரு பாதி உடம்பு என்றால், மறுபாதி வாக்கு. இந்த மனிதர்களில் பெரும்பாலோர் வாக்குத் தவறியவர்களைப் பார்த்துப் பார்த்து அந்த நிலைக்கு வந்தவர்கள். பணம் தருகிறேன் என்றவர் தரவில்லை. கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவில்லை. மனு கொடுத்த இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். இவர்களிடம் போய் 'எல்லாம் சரியாகிவிடும்' என்பது இன்னொரு வாக்கு. பெரிய வாக்கு, காப்பாற்ற முடியாத வாக்கு. பேரிடர் நேரத்தில் மன முதலுதவி செய்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேட்டிலும் இது இருக்கிறது: பொய் வாக்குறுதி கொடுக்காதே, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே.

சின்ன வாக்கு, காப்பாற்றப்பட்ட வாக்கு என்ன செய்யும் என்பதற்குச் சென்னையும் கொழும்பும் சாட்சி. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசிலில் காம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அவசர சிகிச்சைக்கு வந்து பிழைத்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச்சு. அதன் பிறகு 18 மாதங்களில் 9 முறை தொடர்பு, போனிலோ நேரிலோ. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடங்கி, இடைவெளி கூடிக்கொண்டே போய், கடைசி அழைப்பு பதினெட்டாம் மாதம். எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்ற விசாரிப்புதான். முடிவு 2008இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் பிறகு தற்கொலையில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர்.

நான் இந்த எண்களைச் சொல்லும்போதெல்லாம் ஒருவராவது எழுந்து, "அந்தப் போனில் அப்படி என்ன பேசினார்கள்?" என்று கேட்பார். பேச்சைவிட எனக்குப் பதினெட்டாம் மாத அழைப்புதான் முக்கியமாகப் படுகிறது. அந்த நேரத்தில் உறவுக்காரர்கள் எல்லோரும் அந்தச் சம்பவத்தை மறந்திருப்பார்கள், அல்லது மறந்ததுபோல் இருப்பார்கள். கூப்பிடுவதாகச் சொன்ன ஒருவர் மட்டும் சொன்னபடி கூப்பிடுகிறார்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் இதைக் கடிதத்தில் செய்தார். சிகிச்சையைத் தொடர மறுத்துவிட்ட 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 5 ஆண்டுகளில் 24 கடிதங்கள். இரண்டே வரி: நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்கிற அளவில். சிகிச்சைக்கு வா என்று ஒரு கடிதத்திலும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

இப்போது ஜிம்பாப்வேக்கு வருகிறேன். எனக்குக் கை கொடுத்த முன்மாதிரி அதுதான் என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன்.

2005இல் அந்த நாட்டு அரசு, நகரங்களைச் சுத்தம் செய்கிறோம் என்று குடிசைகளையும் சாலையோரக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என்று ஐ.நா. விசாரணை சொன்னது. நாடு முழுக்க மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பெண்ணை ஏன் மருத்துவமனைக்கு அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டபோது, தலைநகர் ஹராரேக்கு வரப் பஸ் காசு இல்லை என்று பதில் வந்தது. 15 டாலர். சிபாண்டா இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு நோயாளி வருவார் என்று காத்திருந்தது போதும் என்று அந்தப் பதில் அவரை எழுப்பிவிட்டது.

இடிப்பில் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று ஹராரேயின் ம்பாரே பகுதி. 2006இல் அங்கே வேலையைத் தொடங்கப் போனால் கட்டடம் இல்லை, பணம் இல்லை, செவிலியர்களுக்கு நேரம் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்கள். வீடு வீடாகப் போய் சுகாதாரச் செய்தி சொல்லும் சமூகப் பணியாளர்கள், படிப்பு அதிகம் இல்லாதவர்கள். கிடைத்த இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிப்புறம். அங்கே ஒரு மரப்பெஞ்சு. முதலில் அதற்கு மனநல பெஞ்சு என்று பெயர் வைத்தார்கள், யாரும் பக்கத்தில் வரவில்லை. நம் ஊரிலும் வர மாட்டார்கள். பிறகுதான் அது நட்பு பெஞ்சு ஆனது.

என்ன செய்தார்கள் அந்தப் பாட்டிமார்? மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் வாயிலேயே எடுக்கவில்லை. அளவுமீறி யோசித்து யோசித்து நோகும் நிலைக்கு ஷோனா மொழியில் அவர்களே சொல்லிவரும் பெயர் இருந்தது, அதையே பயன்படுத்தினார்கள். வருபவரை உட்காரவைத்து முதலில் முழுக்கப் பேசவிடுவார்கள். வேலை இல்லை, புருஷன் அடிக்கிறான், எச்.ஐ.வி. மருந்து வாங்கப் போக வெட்கம், வாடகை பாக்கி என்று எல்லாம் வரும். பிறகு, இதில் ஒன்றை மட்டும் எடு என்பார்கள். எதை எடுப்பது என்று வந்தவர்தான் தேர்ந்தெடுப்பார். அந்த ஒன்றுக்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியம். அதைச் செய்துவிட்டு, அல்லது செய்ய முடியாமல், மறுபடி வந்து அதே பாட்டியிடம் சொல்ல வேண்டும். ஆறு சந்திப்புகள் வரை. அதன்பின் பழைய ஆட்கள் கூடும் குழுவில் சேரலாம். அங்கே பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டிக் கூடைப்பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கைக்கு வேலை, பைக்குக் கொஞ்சம் காசு.

24 சுகாதார நிலையங்கள், 573 பேர் என்று முறையாகச் சோதித்து, 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான்.

நான் இதைப் படித்தபோது முதலில் பார்த்தது எண்ணை இல்லை. அந்தப் பாட்டி அதே தெருவில் குடியிருக்கிறாள் என்பதைத்தான். நாளைக்கும் இருப்பாள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்க்கலாம், யாருடைய மரணத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை அவளுக்குத் தெரியும். நான் மாற்றலாகிப் போகக்கூடிய அரசு ஊழியராக இருந்தவள். என்னைவிட அவளை நம்புவதற்கு அந்த மக்களுக்குக் காரணம் அதிகம். நமக்கும் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு அத்தையோ ஆச்சியோ இருக்கிறார். அவருக்குத் தெரியாத ஒன்று, அறிவுரையை எப்போது நிறுத்துவது என்பதுதான். அதை மட்டும் பயிற்சியில் கொடுத்துவிடலாம்.

ஒரு குறுக்குக்கேள்வி வரும். வர வேண்டும். மூச்சு விடு, கால் ஊன்று, பெஞ்சில் பேசு என்று சொல்லிச் சொல்லி, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்குகிறீர்களா? நியாயமான கேள்வி. நமது மாநிலத்தில் அதிக வட்டிக்குத் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. வட்டிக்கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து கத்துவது நின்றதா? அந்த வீட்டுக்காரரிடம் போய் காலூன்றப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு வருவதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவு திறந்தால் விரக்தி எவ்வளவு சீக்கிரம் விலகும் என்பதற்கு பிளஸ் டூ துணைத்தேர்வு இருக்கிறது. ஒரு பாடத்தில் போனால் ஒரு வருஷம் போயிற்று என்ற காலத்தில் தேர்வு முடிவு நாள் எங்களுக்குப் பயமான நாள். உடனடியாக மறுதேர்வு என்று வந்தபின் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எங்களுக்கு உண்மையான ஒரு தேதி கிடைத்தது. ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை, தேதியைச் சொன்னால் போதும். ஆனால் அந்தத் தேதி வரைக்கும் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே. அதற்குத்தான் மற்றதெல்லாம்.

நேரம் ஆகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டுத்தான் பலர் வந்திருக்கிறீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்டதும் பலர் பெருமூச்சு விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.

போனை எடுக்காதவர்களுக்கு என்ன செய்வது? திரும்பக் கூப்பிடுங்கள். "ஏன் எடுக்கலை?" என்று கேட்காதீர்கள். பதில் எதிர்பார்க்காத ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஞாயித்துக்கிழமை காலைல இட்லி எடுத்துட்டு வரேன். பேசணும்னு இல்ல." சொன்ன ஞாயிறு போங்கள். கதவைத் திறக்காவிட்டால் டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடியாத நாளைச் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் மாதம் ஒருமுறை என்றே சொல்லுங்கள்.

கேள்விகளை இப்போது எடுத்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் கேட்க விருப்பமில்லாதவர்களுக்காக வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அரங்கத்தை எட்டரைக்குப் பூட்டுவார்கள். அதுவரை அங்கே இருப்பேன்.